டமல்பையஸ் மலையில் சைக்கிள்

சைக்கிள் என்பது சமதரைக்கு ஏற்பட்ட வாகனம் என்பதுதான் நம்மில் பெரும்பாலோருடைய எண்ணம். மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதும், பள்ளம் வந்தால் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தை நினைப்பதும் தொன்றுதொட்டு நாம் அநுசரித்து வரும் சம்பிரதாயம். மழை பெய்து தெரு சேறாகிவிட்டால் வண்டியைத் திண்ணைமேல் ஏற்றிவிட்டு நடந்தே போய்விடுகிறோம். அப்படியிருக்க, கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில், ஒரு பக்கம் பாறைச் சுவரும் மறு பக்கம் கடலில் போய் முடியும் செங்குத்தான சரிவுமாக இருக்கும் இடத்தில், யாரும் கட்டாயப்படுத்தாமலே, பணமும் செலவழித்துக்கொண்டு சைக்கிள் விடுகிறவர்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்றால் கேட்பவர்களுக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும். அந்த வித்தைக்கு 1996ஆம் வருஷம் அட்லாண்டா நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் ஸ்தானமும் கொடுத்துவிட்டார்கள்.

மலையில் சைக்கிள் விட முயன்றவர்கள் பழைய காலத்திலும் இல்லாமல் போகவில்லை. 1897இலேயே ஐக்கிய அமெரிக்காவின் 25ஆவது காலாட் படையைச் சேர்ந்த நீக்ரோ சிப்பாய்கள் இருபது பேர், மான்டானா ராஜ்யத்திலுள்ள மிஸூலா என்னும் ஊரிலிருந்து ஸெயின்ட் லூயிஸ் நகரம் வரையில் சுமார் 1,900 மைல் தூரம், மலையும் சேறும் பாராமல், சைக்கிளிலேயே சென்றிருக்கிறார்கள். ஆனால் அது உத்தியோகக் கடமை. விளையாட்டுக்காக மலையில் சைக்கிள் விட்டு, அதற்கென்றே ஒரு வண்டியையும் சிருஷ்டித்து, அதை உலகெங்கும் பரப்பிய பெருமை கலிபோர்னியா ராஜ்யத்தில் மரின் என்னும் ஒரு சிறு ஜில்லாவைச் சேர்ந்தது. ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக்கு வடக்கே, ‘தங்க வாயில்’ என்னும் கடல் கணவாய்க்கு அப்பால் அது இருக்கிறது. அங்கே கடலுக்கும் ஊர்களுக்கும் நடுவில் நிற்கிற மலைக்கு டமல்பையஸ் என்று பெயர்.

பெயரின் முற்பகுதி ‘தமிழ்’ என்று ஒலிப்பது போலிருக்கிறதே என்று நேயர்கள் பூரித்துப்போக வேண்டாம். சைக்கிளிலிருந்து ‘டமால்’ என்று விழுவதனால் வந்த பெயரும் அல்ல. அந்தக் கடற்கரையின் ஆதிக்குடிகளான மீவாக் மக்களின் பாஷையில் ‘கடலோர மலை’ என்பதுபோல் பொருள்படும் சொல் என்கிறார்கள். உயரம் ஏறக்குறைய 2,570 அடிதான். நமது நீலகிரிக்கு முன்னால் அது ஒரு குன்று. ஆயினும் கடல் மட்டத்திலிருந்தே எழுந்து நிற்பதால், பார்வைக்குத் தன் உயரத்தைக் காட்டிலும் கம்பீரமாகத் தோன்றுகிறது.

இந்த மலைக்குத் தெற்கே, கடலோரத்திலிருந்து பிரயாணம் தொடங்குவதே உசிதம். 1937இல் திறக்கப்பட்ட தங்க வாயில் பாலத்தைக் கடந்து வடகரையை அடைந்ததும், மரின் முனை எனப்படும் மேட்டுநிலம் ஆரம்பமாகிவிடுகிறது. மரங்கள் சொற்பம்; புல்லும் புதரும் மூடிய குன்றுகள் திடீரென்று வெட்டி எடுத்தாற்போல் நின்றுபோய், கீழே பஸிபிக் மகாசமுத்திரம் பாறைகளில் மோதிக்கொண்டிருக்கும். துறைமுகத்தைக் காப்பதற்காக ராணுவத்தார் பல தலைமுறைகள் இங்கே பீரங்கி மேடைகள் கட்டி வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் ஆகாய விமானங்களை வீழ்த்தும் ராக்கெட்டுகளையும் வைத்திருந்தார்கள். பீரங்கிகள் போய்விட்டன. பீரங்கிக்காகப் போட்ட பாதைகள் மட்டும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின்மேல் இன்று சைக்கிள் போகிறது.

கோடைகாலத்தில் இங்கே வெயில் கொளுத்தும் என்று நினைத்து மெல்லிய சட்டையுடன் கிளம்புகிறவர்கள் நடுங்கிப் போவார்கள். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் காற்று சூடேறி மேலெழும்ப, குளிர்ந்த கடலின்மேல் உண்டான மூடுபனி அந்த இடத்தை நிரப்புவதற்காகக் கணவாய் வழியே வெள்ளமாய் உள்ளே நுழைகிறது. பாதையோரத்துப் பாறை விளிம்பு சட்டென்று மறைந்துவிடும். பத்து கஜத்துக்கு அப்பால் பாதை இருக்கிறதா, சமுத்திரம் இருக்கிறதா என்பது நிச்சயமில்லாத அந்தச் சமயத்தில் வண்டியை விட்டு இறங்கி நடப்பவனே புத்திசாலி. 1853இல் ‘டென்னஸ்ஸி’ என்ற நீராவிக் கப்பல் தங்கம் தேடிவந்த நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் இந்த மூடுபனியில் வழி தப்பி, வாயிலைத் தாண்டிப் போய்க் கரையில் முட்டிக்கொண்டது. பிரயாணிகள் தப்பிக் கரையேறினார்கள். கப்பல் அலைகளில் சிதறிப்போயிற்று. அந்த இடத்துக்கு இன்றும் டென்னஸ்ஸிப் பள்ளத்தாக்கு என்றே பெயர்.

இந்தப் பள்ளத்தாக்கின் அருகே மேலேறும் பாதை ஒன்றுக்கு ‘மரின்ஸெல்லோ’ என்று பெயர். அகலமாய், சீரான ஏற்றத்துடன், யாரோ பெரிய உத்தேசத்துடன் வெட்டியது போலிருக்கும். உண்மையும் அதுதான். 1960களில் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் மூலதனத்தைக் கொண்டு, இந்தக் குன்றுகளின்மேல் அடுக்குமாடிக் கட்டடங்களுடன் 30,000 பேர் வசிக்கக்கூடிய ஒரு புது நகரத்தை நிர்மாணிக்கத் திட்டம் போட்டார்கள். நகரத்துக்குப் பெயரும் வைத்துச் சாலையும் வெட்டியாகிவிட்டது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் விடவில்லை. வழக்காடினார்கள், கையெழுத்துச் சேகரித்தார்கள், வருஷக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் 1972இல் நிலம் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, பிறகு தேசியப் பூங்காவுடன் சேர்ந்துவிட்டது. நகரம் எழவேயில்லை. சாலை மட்டும் எஞ்சியது. அதில் இப்போது நடப்பவர்களும், குதிரைக்காரர்களும், சைக்கிள்காரர்களும் போகிறார்கள்.

அந்த மேட்டைத் தாண்டி வடக்கே இறங்கினால் கடலோரத்தில் ஒரு சிறு மணற்கரை. அங்கிருந்து ஓர் ஓடையைப் பிடித்துக்கொண்டு உள்நோக்கிப் போனால் காற்றே மாறிவிடுகிறது. புல் வாசனை போய் ஈரமான மரப்பட்டையின் வாசனை வருகிறது. இதுதான் செம்மரக் காடு. நமது ஆந்திரத்துச் செம்மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கலிபோர்னியாக் கடலோரத்திலும் அதை அடுத்த ஆரெகன் ராஜ்யத்தின் ஒரு மூலையிலும் மாத்திரமே இயற்கையாக வளர்கிற இந்த ஜாதி மரம்தான், உலகத்திலேயே உயரமான மரம். இந்தக் காட்டிலுள்ளவை 250 அடிவரை வளர்ந்திருக்கின்றன. மழையில்லாத கோடையில் மூடுபனியை இலைகளால் வடிகட்டித் தன் வேருக்குத் தானே நீர் வார்த்துக்கொள்கிறது. ஓடைக்கு அணைகட்டிக் காட்டை மூழ்கடிக்க ஒரு தண்ணீர்க் கம்பெனி எண்ணியிருந்த சமயத்தில், வில்லியம் கென்ட் என்பவரும் அவர் மனைவி எலிஸபெத்தும் தங்களுக்குச் சொந்தமான காட்டைத் தேசத்துக்குத் தானம் செய்துவிட்டார்கள். 1908இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். தம் பெயரை வைக்க வேண்டாம் என்று கென்ட் கேட்டுக்கொண்டபடியால் ஜான் மியூர் என்ற இயற்கை நூலாசிரியரின் பெயரால் அது மியூர் காடு என வழங்குகிறது.

அந்தக் காட்டின் உள்பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. இதில் எனக்குப் பரிபூரண சம்மதம். கோயில் பிராகாரத்தில் யாரும் வண்டி விடுவதில்லை அல்லவா? காட்டின் விளிம்பை ஒட்டி மேலேறும் தீயணைப்புப் பாதை ஒன்று சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. மரங்களின் நிழலை அநுபவிக்க அதுவே போதும்.

மேலே ஏறினால் வருவது பழைய ரயில் பாதை. 1896 முதல் 1930 வரையில் மில் வாலி என்ற ஊரிலிருந்து சிகரத்துக்கருகே ஒரு குட்டி நீராவி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் 281 வளைவுகள்! உலகத்திலேயே மிகக் கோணலான ரயில்பாதை என்று கம்பெனியார் பெருமையாக விளம்பரம் செய்தார்கள். இதைவிட வேடிக்கை, மேலே போன பிரயாணிகள் திரும்பிய விதம். என்ஜின் இல்லாத திறந்த வண்டியில் அவர்களை உட்காரவைத்து, பிரேக் பிடிக்கிற ஓர் ஆசாமியை மட்டும் துணைக்கு அனுப்பி, சரிவில் விட்டுவிடுவார்கள். பூமியின் ஆகர்ஷண சக்தியே வண்டியை அடிவாரம் சேர்த்துவிடும். மலையிலிருந்து உருண்டு இறங்குகிற மோகம் சைக்கிள்காரர்கள் புதிதாகக் கொண்டுவந்ததல்ல. தொப்பியணிந்த கனவான்களும் பாவாடையணிந்த சீமாட்டிகளும் அவர்களுக்கு முன்பே ஆரம்பித்து வைத்ததுதான். மோட்டார் கார் வந்து ரயிலை நஷ்டப்படுத்த, தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். நூறு அடிக்கு ஏழு அடிக்கு மேற்படாத ஏற்றமுள்ள அந்தப் பாதை சைக்கிளுக்கென்றே அமைந்ததுபோல் கிடக்கிறது. 1904இல் ரயில்காரர்கள் கட்டிய விடுதி ஒன்று நடுவழியில் இன்றும் நின்று, களைத்து வருகிறவர்களுக்கு இளைப்பாற இடம் கொடுக்கிறது.

இனி மலையின் மறுபக்கத்துக்குப் போவோம். வடக்கே பேர்பாக்ஸ் என்னும் சிற்றூருக்கு மேலே, தீயணைக்கும் வண்டிகளுக்காக வெட்டிய கரடுமுரடான பாதை ஒன்று இருக்கிறது. சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி கீழே இறங்குகிறது. மண்ணும் சரளையும் நிறைந்து, முன்னே வருவது தெரியாத திருப்பங்கள் கொண்ட இந்தப் பாதையில் 1976 அக்டோபர் 21 அன்று சில வாலிபர்கள் பந்தயம் வைத்தார்கள். ‘நம்மில் யார் சீக்கிரம் இறங்குகிறவன்?’ என்ற வீண் தர்க்கத்தைத் தீர்ப்பதற்காக ஏற்பட்ட பந்தயம் அது. அன்று கீழே விழாமல் இறங்கியவன் ஒருவன்தான். ஆகவே ஜயித்தவனும் அவனே.

அவர்கள் ஓட்டியவை புது வண்டிகள் அல்ல. 1930களிலும் 1940களிலும் பத்திரிகை போடும் பையன்களுக்காகச் செய்யப்பட்ட, தடித்த டயரும் கனத்த இரும்புச் சட்டமும் உள்ள ஷ்வின் கம்பெனியின் பழைய சைக்கிள்கள். பழைய சாமான் கடைகளில் சில டாலருக்குக் கிடைத்தன. அவற்றில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். அந்தச் சரிவு முழுவதும் மிதித்துக்கொண்டே இறங்கினால் குடம் நெருப்பாய்க் கொதித்து, உள்ளேயிருக்கிற கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும். ஒவ்வொரு தடவை இறங்கிய பிறகும் குடத்தைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி வண்டி ஓடும். ஆகவே அந்தப் பாதைக்கே ‘ரீபாக்’, அதாவது ‘மறுபடி அடை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. புகையிலிருந்து பிறந்த ஊர்ப்பெயர் உலகத்தில் அதிகம் இராது.

சார்லி கெல்லி என்பவர் பந்தயத்தை நிர்வகித்து, இறங்கியவர்களின் நேரத்தை நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வந்தார். இரண்டு நிமிஷத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். மெதுவாக ஓட்டுகிறவர் முதலில், வேகசாலி கடைசியில். காரி பிஷர் இறங்கிய 4 நிமிஷம் 22 விநாடிதான் மிகக் குறைந்த நேரம். ஜோ பிரீஸ் 2 விநாடி பின்தங்கினார். இந்த நாட்களின் புகைப்படங்கள் நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம் ஒரு பெண்மணி. வென்டி கிராக் என்னும் அவர் காமிராவைத் தூக்கிக்கொண்டு, அதே கனத்த சைக்கிளில் அதே மலையில் ஏறி இறங்கியவர். படம் எடுக்க மட்டும் வந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது, பந்தயத்திலும் கலந்துகொண்டவர்.

பழைய வண்டிகள் எத்தனை நாள் தாங்கும்? சட்டம் உடைந்தது, முன்போர்க் வளைந்தது. மேலும், இறங்குவதற்குத்தான் அவை உதவுமே தவிர, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டோ மோட்டார் லாரியில் போட்டுக்கொண்டோதான் போகவேண்டும். பிஷர் முதலியவர்கள் பல கியர்களையும் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும் பொருத்திப் பார்த்தார்கள். அப்புறம் வண்டி தானாக மலை ஏறத் தொடங்கியது. 1977இல் ஜோ பிரீஸ், உறுதியான எஃகுக் குழாய்களைக் கொண்டு, பழைய சட்டத்தை நம்பாமல், மலைக்கென்றே ஒரு புது வண்டியைக் கட்டினார். அந்த முதல் வண்டி இன்று வாஷிங்டன் நகரத்தில் அமெரிக்கச் சரித்திரப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்திருக்கிறது. 1979இல் கெல்லியும் பிஷரும் ‘மௌன்டன்பைக்ஸ்’ என்று ஒரு கடை வைத்து, டாம் ரிட்சி கட்டிய சட்டங்களைக் கொண்டு வண்டி விற்றார்கள். விலை ஆயிரம் டாலருக்கு மேல்! சைக்கிளுக்கு இவ்வளவா என்று ஊரார் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். 1981இல் வேறொரு கம்பெனியார் ஜப்பானில் மொத்தமாகச் செய்வித்து 750 டாலருக்கு விற்கத் தொடங்கியதும், விளையாட்டு வெள்ளமாய்ப் பெருகிவிட்டது.

ஓட்டும் வித்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏறும்போது சிறிய கியரில், உட்கார்ந்தபடியே உடம்பைச் சற்று முன்னே சாய்த்து, பின்சக்கரம் வழுக்காமல் நிதானமாக மிதிக்க வேண்டும். ஆத்திரப்பட்டால் சக்கரம் அதே இடத்தில் சுழலும். இறங்கும்போது ஆசனத்தை விட்டு எழுந்து, இரண்டு பெடலும் சமமட்டத்தில் நிற்க, முழங்கால்களையும் முழங்கைகளையும் தளர்த்தி, உடம்பின் பாரத்தைப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் ஓட்டுகிறவன் வண்டிக்கு முன்பாகவே அடிவாரம் போய்ச் சேருவான். எல்லாவற்றிலும் முக்கியம் கண். எந்தக் கல்லைப் பயந்து உற்றுப் பார்க்கிறோமோ அந்தக் கல்லிலேயே வண்டி முட்டும். ஆகையால் கல்லை விட்டுக் கல்லுக்கு அப்பாலுள்ள பாதையைப் பார் என்று முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இவ்வளவு சிறப்பாகப் பிறந்த குழந்தையை அதன் பிறந்த ஊரிலேயே கதவை அடைத்து வெளியே நிறுத்தினார்கள் என்பதுதான் கதையின் விசித்திரம். டமல்பையஸ் மலையில் நடப்பவர்களின் உரிமை மிகப் பழையது. மில் வாலியிலிருந்து மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு ஓடும் ‘டிப்ஸி’ ஓட்டப் பந்தயம் 1905 முதல் நடக்கிறது. மலையின் பெரும் பகுதியோ ஜில்லாவின் குடிநீர் ஏரிகளுக்குச் சொந்தமான நிலம். பத்து பேர் சைக்கிள் விட்டவரையில் யாரும் பொருட்படுத்தவில்லை. 1980களில் ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பியதும் நிலைமை மாறிற்று. பறவையைப் பார்த்துக்கொண்டு நடந்துபோகும் வயோதிகரின் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு வண்டி பாய்ந்து வந்தால் அவருக்கு எப்படியிருக்கும்? குதிரை மிரண்டால் சவாரி செய்பவரின் கதி என்ன? குறுகலான ஒற்றையடிப் பாதைகள் அநேகமாக எல்லாமே சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகலமான தீயணைப்புப் பாதைகளிலும் மணிக்கு 15 மைல், மறைவான திருப்பங்களில் 5 மைல் என்று விதி செய்தார்கள். அதிகாரிகள் வேகம் அளக்கும் கருவியுடன் புதரோரம் நின்று அபராதம் விதித்தார்கள். சிலர் ராத்திரியில் விளக்கைக் கட்டிக்கொண்டு திருட்டுத்தனமாகப் போனார்கள்.

சக்கரம் பாதையை அரித்துவிடுகிறது என்பது அந்நாளில் சொல்லப்பட்ட பெரிய குற்றச்சாட்டு. 1994இல் மான்டானாவில் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மண்ணைப் பெயர்ப்பதில் முதலிடம் குதிரைக் குளம்புக்கே கிடைத்தது. மனிதர் காலடியும் சக்கரத்துக்குச் சளைக்கவில்லை. சைக்கிள்காரர்கள் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். என் அபிப்பிராயத்தில், அது பாதி நியாயம்தான். வயோதிகர் அஞ்சியது மண்ணுக்காக அல்ல, தம் எலும்புக்காக. ஆனால் மறுபாதியையும் சொல்லவேண்டும். பீரங்கிக்காரர்களும், ரயில்காரர்களும், நகரம் கட்ட வந்தவர்களும் மலையை வெட்டிய வெட்டுக்கு முன்னால் ஒரு டயர்ச் சுவடு எம்மாத்திரம்? மரின்ஸெல்லோவைத் தடுத்து மலையைக் காப்பாற்றியது ஊராரின் பாசம். இளைஞர்களுக்கு அந்த மலையின்மேல் பாசம் பிறக்கவேண்டுமானால் அவர்கள் அங்கே போயாக வேண்டும். அவர்கள் போக விரும்பும் வழியோ சைக்கிள்.

1988இல் கலிபோர்னியாவின் சைக்கிள் சங்கங்கள் சில ஒன்றுகூடிச் சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தை அமைத்தன. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரன் வழிவிட வேண்டும், ஈரமான பாதையில் போகக்கூடாது என்று தங்களுக்குத் தாங்களே விதி செய்துகொண்டார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாதை செப்பனிடவும் கற்றார்கள். மழைத்தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்துபோகும்படி சரிவு கொடுப்பது எப்படி என்பது அவர்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். மரினில் ‘மெதுவாய்ச் செல், ஹலோ சொல்’ என்று பாதையின் முகப்பில் பலகை வைத்திருக்கிறார்கள். விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எந்தப் பாதையைத் திறப்பது, எதை மூடுவது என்று தண்ணீர் இலாகாவின் கூட்டங்களில் இரு கட்சியாரும் நேருக்கு நேர் உட்கார்ந்து வாதாடுகிறார்கள்.

1987இல் ஜாக்கி பிலான் என்னும் வீராங்கனை, பெண்களுக்காக மட்டும் ஒரு மலைச் சைக்கிள் சங்கத்தை மரினிலேயே ஆரம்பித்தார். ஆண்கள் பந்தயம் ஓடட்டும், நாம் தேநீர் குடிக்க நிறுத்திக்கொள்வோம் என்கிற குஷியான தோரணையில் அந்தச் சங்கத்தை நடத்தினார். ஆயினும் தேசியப் பந்தயத்தில் தொடர்ச்சியாக மூன்று வருஷம் ஜயித்தவர் அவர். 2001இல் அக்கரையிலுள்ள பெர்க்லி நகரத்து உபாத்தியாயர் ஒருவர் உயர்தரப் பள்ளி மாணவர்களுக்கு மலைச் சைக்கிள் பந்தய சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். அதைப் பார்த்து மற்ற ராஜ்யங்களிலும் சங்கங்கள் தோன்றியிருக்கின்றன. மற்ற விளையாட்டுகளைப்போல் இதில் பதினொரு பேர் ஆட, மீதிப் பேர் பெஞ்சியில் உட்கார்ந்து கைதட்டுவது கிடையாது. சேர்ந்த பையனும் பெண்ணும், வேகமாக ஓட்டினாலும் மெதுவாக ஓட்டினாலும், எல்லோரும் பந்தயத்தில் இறங்கி ஓட்டியாக வேண்டும்.